இலைகள் அடைத்த வாய்க்கால்

கி.பி. 386 ஆம் ஆண்டு, இலையுதிர்காலத்தின் பிற்பகுதி. வட இத்தாலியில் மிலான் நகருக்கு அப்பால், காசிசியாக்கம் என்னும் நாட்டுப்புறத்தில் அமைந்த ஒரு பண்ணை வீட்டில் ஒன்பது பேர் கொண்ட சிறு குழு தங்கியிருந்தது. ஒரு தாய், அவருடைய இரு மகன்கள், ஒரு பேரன், உறவினர் இருவர், நண்பர் ஒருவர், மாணவர் இருவர். அந்தக் குழுவின் நடுவில் இருந்தவர் பேரரசின் தலைநகரில் பேச்சுக்கலை கற்பித்து வந்தவர். நெஞ்சுவலியால் பேச இயலாமல், உறக்கம் குன்றி, உள்ளம் சோர்ந்து நாட்டுப்புறத்தை நாடி வந்திருந்தார். பின்னாளில் ஹிப்போ நகரின் ஆயராகவும் திருச்சபையின் மறைவல்லுநராகவும் விளங்கிய புனித அகுஸ்தினாரே அவர்.

அவருடைய வாழ்க்கையைச் சொல்வோர் மிலான் தோட்டத்தில் நிகழ்ந்த மனமாற்றத்தை விரிவாகச் சொல்வர்; 387 ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில் ஆயர் அம்புரோசியாரிடம் பெற்ற திருமுழுக்கையும் சிறப்பாகச் சொல்வர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காசிசியாக்க மாதங்களுக்குக் கிடைப்பது ஓரிரு வரிகளே. ஆயினும் மனநலம் குறித்து அதிகம் பேசப்படும் நம் நாளில் அந்த மாதங்களைத் திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது. நொந்துபோன ஓர் உள்ளத்தை இறைவன் எப்படி ஆற்றினார் என்பதை அங்கே காண்கிறோம். அந்த ஆற்றுதலில் வயலுக்கும், புல்வெளிக்கும், வாய்க்கால் நீருக்கும், உதிர்ந்த இலைக்கும் பங்கு இருந்தது.

சோர்ந்துபோன ஆசிரியர்

அகுஸ்தினார் 384 ஆம் ஆண்டு மிலானில் பேச்சுக்கலை ஆசிரியராக அமர்ந்தார். அது பேரரசர் அவையோடு தொடர்புடைய உயர்ந்த பதவி. அரசரைப் புகழ்ந்து உரையாற்றுவதும் அப்பணியில் அடங்கும். அத்தகைய புகழுரை ஒன்றை ஆயத்தம் செய்துகொண்டிருந்த நாளில், தெருவோரத்தில் குடித்துவிட்டுக் களிப்போடு சிரித்துக்கொண்டிருந்த ஏழைப் பிச்சைக்காரன் ஒருவனைக் கண்டு, அவனுக்குள்ள மகிழ்ச்சிகூடத் தமக்கு இல்லையே என ஏங்கியதை அவர் ‘அறிக்கைகள்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். பதவியும் புகழும் இருந்தன. உள்ளத்தில் அமைதி இல்லை.

386 ஆம் ஆண்டுக் கோடையில் உடலும் ஒத்துழைக்க மறுத்தது. ஓயாத கற்பித்தலால் நுரையீரல் நலிந்தது; மூச்சு விடுவது கடினமாயிற்று; நெஞ்சு வலித்தது; உரத்தோ நெடுநேரமோ பேச முடியவில்லை. அதே கோடையில்தான் தோட்டத்து மனமாற்றம் நிகழ்ந்தது. வனத்து அந்தோணியாரின் வாழ்க்கையைப் பொந்திசியானுஸ் என்னும் அரசு அலுவலர் எடுத்துரைக்கக் கேட்டு உள்ளம் கலங்கிய அகுஸ்தினார், அத்திமரத்தடியில் விழுந்து அழுததும், புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தைத் திறந்து வாசித்ததும் நாம் அறிந்தவையே.

நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. மனமாற்றம் பெற்ற மறுநாளே அவர் நலமடைந்து எழுந்துவிடவில்லை. பேச்சுக்கலையை விட்டுவிட முடிவு செய்திருந்தும், ஆரவாரமாக விலகாமல், திராட்சை அறுவடை விடுமுறைக்கு எஞ்சியிருந்த ஏறக்குறைய 20 நாள்களைப் பொறுத்துக் கடந்தார். உரோமைப் பேரரசில் ஆகஸ்டு இறுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை அந்த விடுமுறை நீடித்தது. நெஞ்சுநோய் தம் விலகலுக்குப் பொய்யில்லாத ஒரு காரணமாக அமைந்ததே என்று அவர் மகிழவும் செய்தார். தம் நலிவைக் குறித்து அவர் வெட்கப்படவில்லை. தம் விசுவாசத்தில் குறை இருப்பதற்கான அடையாளமாகவும் அதை எண்ணவில்லை. விடுமுறை முடிந்ததும், வேறோர் ஆசிரியரைத் தேடிக்கொள்ளுமாறு மிலான் நகரத்தாருக்குத் தெரிவித்துவிட்டார்.

ஒரு நண்பரின் வீடு

ஓய்வெடுக்க இடம் வேண்டும். அதைத் தந்தவர் வெரெக்குந்துஸ் என்னும் மிலான் நகர இலக்கண ஆசிரியர். அவர் அப்போது கிறிஸ்தவர் அல்லர். அவர் மனைவி மட்டுமே விசுவாசி. நண்பர்கள் எல்லாரும் புதிய வாழ்வை நோக்கிச் செல்ல, தம்மால் அவர்களோடு சேர முடியவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. ஆயினும் தம் பண்ணை வீட்டை அவர்களுக்கு மனமுவந்து திறந்துவிட்டார். பிற்காலத்தில் நோயுற்ற வேளையில் திருமுழுக்குப் பெற்று அவர் இறந்தார். அந்தப் பண்ணையின் நிழலுக்குக் கைம்மாறாக வாடாத விண்ணகச் சோலையின் இனிமையை வெரெக்குந்துசுக்கு அருளுமாறு அகுஸ்தினார் பின்னாளில் இறைவனை மன்றாடினார். நொந்தவருக்கு ஓர் இடம் தருவது எத்தகைய அறச்செயல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அந்த இடம் இன்றைய கஸ்ஸாகோ பிரியான்சா என்னும் ஊர் என்று பலரும், வரேசே நகரை அடுத்த கஷாகோ என்று வேறு சிலரும் கூறுவர். இரண்டுமே மிலானுக்கு வடக்கே, ஆல்ப்ஸ் மலைகளை நோக்கி நிலம் உயரத் தொடங்கும் பகுதியில் உள்ளவை.

உடன் இருந்தோர் யார் யார்? தாய் மோனிக்கா, அண்ணனோ தம்பியோ எனச் சொல்லப்படும் நவிஜியுஸ், ஏறத்தாழப் பதினைந்து வயது மகன் அதெயோதாத்துஸ், கல்லாத உறவினர்களான லஸ்திதியானுஸ், ருஸ்திக்குஸ், உயிர் நண்பர் அலிப்பியுஸ், லிசென்சியுஸ், திரிஜெசியுஸ் என்னும் இரு மாணவர்கள். அவர்களுடைய உரையாடல்களைக் குறிப்பெடுக்க ஒரு சுருக்கெழுத்தாளரும் அமர்த்தப்பட்டிருந்தார். அதனால்தான் 1,600 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த நாள்கள் எப்படிக் கழிந்தன என்பதை நாம் அறிய முடிகிறது. ‘கல்விக்கழகத்தாருக்கு எதிராக’, ‘மகிழ்வான வாழ்வு’, ‘ஒழுங்கு’, ‘தனியுரையாடல்’ ஆகிய நான்கு நூல்கள் அங்கே உருவாயின.

பண்ணை வீட்டு நாள்கள்

அந்நூல்களை மெய்யியல் நூல்களாக மட்டும் வாசிப்போர் அவற்றிலுள்ள வானிலைக் குறிப்புகளைத் தாண்டிச் சென்றுவிடுவர். ஒரு நாள் பொழுது தெளிவாகப் புலர்ந்ததால் வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து, பண்ணையாள்களோடு சேர்ந்து உடனடியாகச் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்தார்கள். மற்றொரு நாள் பெரும்பகுதி பண்ணைக் காரியங்களைக் கவனிப்பதிலும், கவிஞர் வெர்ஜிலின் நூலைப் படிப்பதிலும் சென்றது. வானம் நன்றாக இருந்தால் புல்வெளியில் ஒரு மரத்தடியில் அமர்ந்து பேசினார்கள். குளிரும் மேகமும் மிகுந்தால் குளியலறைக் கட்டடத்தில் கூடினார்கள்.

நவம்பர் 13 ஆம் நாள் அகுஸ்தினாரின் பிறந்தநாள். அவருக்கு 32 வயது நிறைந்தது. அறிவை மந்தப்படுத்தாத அளவுக்கு எளிய உணவை முடித்துக்கொண்டு, மகிழ்வான வாழ்வு என்பது யாது என்று மூன்று நாள் உரையாடினார்கள். முதல் இரு நாள்களும் குளியலறைக் கட்டடத்தில் கழிந்தன. மூன்றாம் நாள் காலையில் இருந்த மேகம் கலைந்து பிற்பகல் ஒளியாயிற்று. உடனே எல்லாரும் அருகிலிருந்த புல்வெளிக்கு இறங்கிச் சென்றார்கள். இறைவனை உடையவரே மகிழ்வானவர் என்னும் முடிவு அந்த வெயிலில் நிறைவு பெற்றது. அவ்வுரையாடலில் எழுத்தறிவு குறைந்த உறவினருக்கும் இடம் இருந்தது. சிறுவனுக்கும் இடம் இருந்தது. தூய்மையற்ற ஆவி இல்லாதவரே இறைவனை உடையவர் என்று அதெயோதாத்துஸ் கூறிய மறுமொழியைப் பாட்டி மோனிக்கா பெரிதும் பாராட்டினார். விரும்பியதை அடைவது மட்டும் மகிழ்ச்சியாகாது, நல்லதை விரும்பி அடைவதே மகிழ்ச்சி என்று மோனிக்கா சொன்னபோது, மெய்யியலின் கோட்டையையே அன்னை பிடித்துவிட்டார் என்று மகன் வியந்தார்.

இன்னொரு நாள், பேச்சின் நடுவே வந்த மோனிக்காவின் கேள்வியையும் குறித்துக்கொள்ளுமாறு அகுஸ்தினார் சுருக்கெழுத்தாளரிடம் சொன்னார். பெண்கள் இத்தகைய விவாதங்களில் இடம்பெற்றதாக நீங்கள் வாசிக்கும் நூல்களில் உண்டா என்று தாய் தயங்கினார். மகனோ அந்தத் தயக்கத்தை ஏற்கவில்லை. அதே மோனிக்கா, பேச்சு நீண்டுகொண்டே போன ஒரு நாளில், எல்லாரையும் உணவுக்குப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனதும் பதிவாகியிருக்கிறது. நேரத்திற்கு உணவு, பகலில் கைவேலை, திறந்தவெளி, அன்பானவர்களின் பேச்சு, மாலையில் வாசிப்பு, இரவில் செபம். நலிந்த மனத்திற்கு இன்றைய மனநல ஆலோசகர் வகுத்துத் தரும் நாள் ஒழுங்கும் இதிலிருந்து அதிகம் வேறுபடாது.

நள்ளிரவில் கேட்ட நீரொலி

ஆயினும் இரவுகள் எளிதாக இல்லை. இரவின் ஏறக்குறையப் பாதியை விழித்திருந்து சிந்தனையில் கழிப்பது அகுஸ்தினாரின் வழக்கம். அத்தகைய ஓர் இரவில், இருளில் படுத்திருந்த அவருடைய காதில் குளியலறைக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலின் ஒலி விழுந்தது. அந்த ஒலி ஒரே சீராக இல்லை. சிறிது நேரம் மெல்லக் கசிந்தது, பிறகு திடீரென உரக்கப் பாய்ந்தது, மறுபடியும் அடங்கியது. கற்களின்மேல் ஓடும் நீர் ஒரே நீர்தானே, ஒலி மட்டும் ஏன் மாறுகிறது என்று அவர் எண்ணி எண்ணிப் பார்த்தார், காரணம் பிடிபடவில்லை.

அப்போது பக்கத்துப் படுக்கையில் தட்டும் ஓசை கேட்டது. மாணவன் லிசென்சியுஸ், தொல்லை தந்த எலிகளை விரட்டக் கோலால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனும் உறங்கவில்லை, திரிஜெசியுசும் உறங்கவில்லை. நீரொலி மாறுவதன் காரணத்தை ஆசிரியர் வினவ, லிசென்சியுஸ் விடை தந்தான். இது இலையுதிர்காலம், இலைகள் ஓயாமல் மிகுதியாக உதிர்ந்து வாய்க்காலின் குறுகிய இடத்தில் அடைத்துக்கொள்கின்றன, நீர் தேங்கி உயர்ந்து, இலைக் குவியலைத் தள்ளிக்கொண்டு பாய்கிறது, பிறகு மறுபடியும் இலைகள் சேர்கின்றன. இதுவே அவன் தந்த விளக்கம். இதனைத் தம்மால் கண்டுபிடிக்க இயலவில்லையே என்று அகுஸ்தினார் மனமாரப் பாராட்டினார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து பிறந்ததே ‘ஒழுங்கு’ என்னும் நூல். ஒரு சருகு விழுவதற்கும் காரணம் உண்டென்றால், காரணமின்றி நிகழ்வது எதுவும் உண்டோ? இறைவனின் ஒழுங்குக்கு வெளியே கிடப்பது எதுவும் உண்டோ? தீமையும் துன்பமும் அந்த ஒழுங்கில் எங்கே நிற்கின்றன? உறக்கம் வராத மூவரும் இருட்டிலேயே இவ்வினாக்களைத் தொடர்ந்தார்கள். மறுநாள் காலை குளியலறைக்குச் செல்லும் வழியில் வாயிலருகே இரண்டு சேவல்கள் சண்டையிடக் கண்டு நின்றார்கள். வென்ற சேவலின் மிடுக்கை மட்டுமன்றி, தோற்றுப்போய்ச் சிறகு பிய்ந்து, குரல் கம்மி நின்ற சேவலையும் அகுஸ்தினார் உற்று நோக்கினார். அழகற்ற அந்தத் தோற்றத்திலும் இயற்கையின் விதிகளுக்கு இசைந்த ஏதோ ஓர் அழகு இருப்பதாக அவருக்குத் தோன்றிற்று.

நோயுற்ற மனத்தின் இயல்பு தன்னையே சுற்றிச் சுற்றி வருவது. அதே கவலை, அதே குற்ற உணர்வு, அதே அச்சம். அன்றிரவு நீரொலி அகுஸ்தினாருக்குச் செய்த முதல் உதவி, அவருடைய கவனத்தைத் தம்மைவிட்டு வெளியே இழுத்ததுதான். தமக்குச் சற்றும் தொடர்பில்லாத, தம்மால் ஆக்கப்படாத ஒன்று, தம் கவலைகளைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே ஓர் ஆறுதல். இரண்டாவது உதவி, அருகில் இன்னொருவர் விழித்திருக்கிறார் என்பதை அது வெளிப்படுத்தியது. உறக்கமின்மையில் தாம் தனியாக இல்லை என்று அவர் அறிந்தார்.

அத்திமரம் அழுவதில்லை

இந்த ஆறுதல் அகுஸ்தினாருக்கு எளிதில் கிட்டியதன்று. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அவர் மானிக்கேயர்களைப் பின்பற்றியவர். உலகம் ஒளிக்கும் இருளுக்கும் நடந்த போரின் சிதைவு என்றும், பருப்பொருள் தீமையின் ஆட்சிக்கு உட்பட்டது என்றும் அவர்கள் கற்பித்தார்கள். கனியைப் பறித்தால் அத்திமரம் பால் சொட்ட அழுகிறது என்றுகூட அவர்கள் நம்பியதை அகுஸ்தினார் பின்னர் வேதனையோடு குறிப்பிடுகிறார். அப்படி நம்புகிறவருக்குத் தோட்டமும் வயலும் எப்படி ஓய்வு தரும்? எந்த மரத்தைப் பார்த்தாலும் சிறைப்பட்ட ஒளியின் அழுகுரலே கேட்கும்.

386 ஆம் ஆண்டில் அத்திமரத்தடியில் அழுதது மரமன்று, மனிதர்; அந்த மரம் அவருக்கு நிழல் தந்தது. அதன்பின் வந்த இலையுதிர்காலத்தில், வாய்க்காலில் விழுந்த சருகையும் தோற்ற சேவலையும் அவர் அச்சமின்றிப் பார்க்கிறார். படைப்பு நல்லது என்னும் தொடக்கநூலின் படிப்பினையை அவர் முதன்முறையாகக் கண்ணாலும் காதாலும் உணர்ந்த இடம் காசிசியாக்கம் என்று சொன்னால் மிகையாகாது. இயற்கை நம்மைத் தேற்ற வேண்டுமானால், அது பகைவனின் கோட்டை அன்று, தந்தையின் இல்லம் என்று முதலில் நாம் நம்ப வேண்டும். முதுமையில் எழுதிய ‘கடவுளின் நகரம்’ நூலின் இறுதிப் பகுதியில், கடலின் மாறும் நிறங்கள், சோலைகளின் நிழல், மலர்களின் நிறமும் மணமும், பறவைகளின் பாடல், எறும்பு, தேனீ போன்ற சிற்றுயிர்களின் வியத்தகு செயல்கள் ஆகியவற்றை அவர் அடுக்கிச் செல்வது அந்த நம்பிக்கையின் கனி.

ஆயினும் இயற்கையே கடவுள் என்று அவர் மயங்கவில்லை. மலைகளின் உயரத்தையும் கடலின் அலைகளையும் வியந்து நிற்கும் மனிதர், தம் உள்ளத்தைப் பாராமல் விட்டுவிடுவதை ‘அறிக்கைகள்’ நூலில் அவர் இடித்துரைக்கிறார். 1336 ஏப்ரல் 26 அன்று கவிஞர் பெத்ரார்க்கா பிரான்சு நாட்டு வெந்தூ மலையின் உச்சியில் நின்று அந்நூலைத் திறந்தபோது கண்ணில் பட்டது இப்பகுதியே என்று எழுதியிருக்கிறார். மலையேறியவர் அமைதியாகத் தம் உள்ளத்தை நோக்கியபடியே கீழே இறங்கினார்.

அந்தோணியாரின் கயிறு

மனச்சோர்வைத் திருச்சபை அன்றே அறிந்திருந்தது. அகுஸ்தினாரின் சமகாலத்தவரான எவாக்ரியுஸ், எகிப்தின் பாலைநிலத்துத் துறவிகளிடையே நடுப்பகலில் வந்து பற்றும் ஒருவகைச் சலிப்பை நுணுக்கமாக விவரித்தார். ஞாயிறு நகர்வதாகவே தோன்றாது. இருக்கும் இடம் வெறுத்துப்போகும். செய்யும் பணி பொருளற்றதாகும். வனத்து அந்தோணியாரையே இந்தச் சோர்வு ஒருமுறை வாட்டியதாகப் பாலைநிலத் தந்தையரின் மரபு கூறுகிறது. அவர் இறைவனிடம் முறையிட்டபோது, தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து செபிப்பதையும், மறுபடியும் அமர்ந்து திரிப்பதையும் கண்டார். அது அவருக்கு வழிகாட்ட வந்த வானதூதர் என்பது மரபு. செபத்தைக் கூட்டு என்று மட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை. செபத்தையும் கைவேலையையும் மாற்றி மாற்றிச் செய் என்று காட்டப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் சபை ஒழுங்கின் 48 ஆம் அதிகாரத்தில், உடலுழைப்புக்கும் வாசிப்புக்கும் உரிய நேரங்களைப் பருவத்திற்கேற்ப வகுத்தார். அக்டோபர் முதல் நாளிலிருந்து தவக்காலத் தொடக்கம் வரை தனியொரு கால அட்டவணையே தந்தார். பகல் சுருங்கும் காலத்தில் மனிதரின் நாளும் மாற வேண்டும் என்று அந்தத் தந்தை அறிந்திருந்தார்.

இன்றைய அறிவியலும் இதற்குத் துணை நிற்கிறது. 1984 இல் ரோஜர் உல்ரிக் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவேடுகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரை மட்டும் கண்டவர்களைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலும், படைப்போடு நமக்குள்ள உறவு நலிந்தால் உள்ளமும் நலியும் என்பதை நினைவூட்டுகிறது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மருந்து தேவைப்படும் மனநோய்க்குப் புல்வெளியும் காற்றும் மாற்றாகா. சீராக் நூலின் 38 ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கவும் மருந்தை ஏற்கவும் கற்பிக்கிறது. காலுக்கு நோய் வந்தால் மருத்துவரிடம் செல்லும் நம் குடும்பங்கள், மனத்துக்கு நோய் வந்தால் அதை மறைத்து வைக்கின்றன. செபம் போதவில்லை, விசுவாசம் போதவில்லை என்று நோயுற்றவர்மேல் பழியும் சுமத்துகின்றன. அதனால் மருத்துவரையும் நாடாமல், அருள்பணியாளரிடமும் பேசாமல் வாடுவோர் நம் பங்குகளில் உண்டு. திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர், மனமாற்றம் பெற்ற பின்னரும் மூச்சுத் திணறி, பல்வலியால் பேச இயலாது மெழுகுப் பலகையில் எழுதிக் காட்டித் தமக்காகச் செபிக்குமாறு நண்பர்களைக் கெஞ்சினார் என்பதை அத்தகைய குடும்பங்கள் அறிய வேண்டும்.

ஓய்வு யாருக்கு?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பண்ணை வீடு தர நண்பர் இருந்தார், வயலைப் பார்க்க ஆள்கள் இருந்தார்கள், அகுஸ்தினார் ஓய்ந்திருந்தார். அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கும், மூன்று குழந்தைகளோடு தனித்துப் போராடும் தாய்க்கும் காசிசியாக்கம் எங்கே கிடைக்கும்?

அகுஸ்தினாருக்கும் அது மீண்டும் கிடைக்கவில்லை என்பதே வரலாறு. 387 தொடக்கத்தில் அவர் மிலானுக்குத் திரும்பினார். அவ்வாண்டே ஓஸ்தியா துறைமுகத்தில் அன்னை மோனிக்கா தம் 56 ஆம் வயதில் இறந்தார். சில ஆண்டுகளில் அதெயோதாத்துசும் இளமையிலேயே மறைந்தான். 391 இல் அகுஸ்தினார் தம் விருப்பத்துக்கு மாறாக ஹிப்போவில் குருவாக்கப்பட்டார், பின்னர் ஆயரானார். 430 இல் இறக்கும்வரை வழக்குகளும் மறையுரைகளும் மடல்களும் ஏழைகளின் தேவைகளும் அவருடைய நாள்களை நிரப்பின. உண்மையின்மேல் கொண்ட அன்பு புனித ஓய்வைத் தேடும். அன்பின் தேவையோ பணியின் சுமையை ஏற்கும் என்ற கருத்தை அவர் ‘கடவுளின் நகரம்’ நூலில் விளக்குகிறார். ஆயினும் ஹிப்போவில் அவர் முதலில் நிறுவிய துறவியர் இல்லம், ஆயர் வலேரியுஸ் கொடுத்த ஒரு தோட்டத்தில் அமைந்திருந்தது. பண்ணை வீடு போயிற்று. ஒரு தோட்டம் மட்டும் வாழ்வில் எஞ்சியது. அது போதுமானதாக இருந்தது.

மாணவன் லிசென்சியுசின் கதை வேறு. அவன் பின்னர்ப் பதவியையும் புகழையும் நாடினான். 395 ஆம் ஆண்டளவில் அவன் ஆசிரியருக்கு அனுப்பிய கவிதையில், இத்தாலியின் உயர்ந்த மலைகளிடையே கழித்த அந்தக் கவலையற்ற நாள்களை எண்ணி ஏங்கினான். அகுஸ்தினார் அந்த ஏக்கத்தில் மகிழவில்லை. அழகிய கவிதை எழுதத் தெரிந்தவன் தன் வாழ்வை ஒழுங்குபடுத்தவில்லையே என்று வருந்தி, நோலா நகர் பவுலினாரிடம் சென்று கற்றுக்கொள்ளுமாறு மடல் எழுதினார். இருவரும் ஒரே வாய்க்காலின் ஒலியைக் கேட்டவர்கள். சருகின் இரகசியத்தைக் கண்டு சொன்னவன் மாணவன். அதன்படி வாழ்ந்தவர் ஆசிரியர். இயற்கை தரும் அமைதியை நினைவாகச் சேமித்து வைப்போருக்கு அது ஏக்கமாகிறது. அதனால் திடம்பெற்றுக் கடமைக்குத் திரும்புவோருக்கு அது அருளாகிறது.

நம் மண்ணின் இலையுதிர்காலம்

இத்தாலியின் இலையுதிர்காலம் நமக்கு இல்லை. அங்கே சருகு விழும் ஐப்பசி, கார்த்திகையைத் தமிழர் கூதிர்ப்பருவம் என்றனர். அது நமக்கு மழைக்காலம். நம் சமவெளிகளில் வேம்பும் புங்கும் இலுப்பையும் அரசும் இலை உதிர்ப்பது பெரும்பாலும் மாசியிலும் பங்குனியிலும்தான். அதாவது, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நாம் தவக்காலத்தில் நுழையும் அதே நாள்களில். சிலுவைப்பாதை செய்துவிட்டு வெளியே வரும்போது ஆலய வளாகம் சருகால் நிறைந்திருக்கும். உயிர்ப்புப் பெருவிழா நெருங்குகையில் அதே வேம்பில் செந்தளிர் துளிர்த்திருக்கும். வேறு நாட்டார் வசந்தத்தை உயிர்ப்போடு மட்டும் சேர்த்துப் பார்க்க, இழப்பையும் துளிர்ப்பையும் ஒரே தவக்காலத்தில் காணும் பேற்றை இறைவன் நம் மண்ணுக்குத் தந்திருக்கிறார். அந்தச் சருகைக் குப்பை என்று மட்டும் எண்ணிக் கூட்டித் தள்ளிவிடுகிறோம்.

காசிசியாக்கத்துக்குப் பண்ணை வீடு தேவையில்லை. வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒரு மரத்தடியில் கால்மணி நேரம் அமரலாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கையையோ துளசியையோ நட்டு நாள்தோறும் நீரூற்றலாம். உறக்கம் வராத இரவில், மழைநீர் கூரையிலிருந்து சொட்டும் ஒலிக்குச் செவிசாய்த்து, அதை அனுப்பியவரை எண்ணலாம். அதைவிட மேலாக, நம் வீட்டில் யாரேனும் இருளில் விழித்திருக்கிறார்களா என்று கவனிக்கலாம். எத்தனையோ உள்ளங்களில் கவலைச் சருகுகள் குவிந்து, கண்ணீரும் பேச்சும் பாய வழியின்றித் தேங்கி நிற்கின்றன. அப்படி அடைபட்ட வாய்க்காலின் ஒலி மாறுவதைச் செவிகொடுத்துக் கேட்கும் ஒருவர், படுக்கையைவிட்டு எழாமலேயே, நீ மட்டும் விழித்திருக்கவில்லை, நானும் விழித்திருக்கிறேன் என்று சொல்ல முடியும். வெரெக்குந்துசைப் போல் ஓர் இடம் தரவும், மோனிக்காவைப் போல் நேரத்திற்கு உணவு தரவும், லிசென்சியுசைப் போல் ஒரு விடை தரவும் நம்மில் எவரும் அருகதையற்றவர் அல்லர். அந்தச் சிறு கூட்டம் அவ்வாறு தாங்கிப் பிடித்த ஒரு நலிந்த மனிதர் வழியாகத்தான், 1,600 ஆண்டுகளாகத் திருச்சபை கற்றுக்கொண்டிருக்கிறது.